நாணயச் சங்கமும் உறுப்பினர் கணக்கும்



ஒருவர் தம் பணத்தை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டால், அதன் பிறகு அவர் கையில் எஞ்சி நிற்பது அப்பணத்தைப் பற்றிய கணக்கு ஒன்றே. கணக்கு மெய்யாக இருக்கும் வரையில் பணமும் இருக்கிறது. கணக்கு பொய்த்துவிட்டால், பணம் போன செய்தி பல நாள் கழித்தே நமக்கு எட்டுகிறது. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழியை நம் பெரியோர் வீணாகச் சொல்லி வைக்கவில்லை.

கூட்டுறவு நாணயச் சங்கங்களும், அச்சங்கங்கள் தம் உபரிப் பணத்தை இட்டுவைக்கும் மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் யாருக்கு, எப்பொழுது, எவ்வாறு கணக்குக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் இன்று கூற விரும்புகிறேன். பொருள் வறண்டதாகத் தோன்றலாம். ஆயினும், ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையையோ, மகளின் திருமணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையையோ இத்தகைய சங்கம் ஒன்றில் வைத்திருப்போருக்கு இது வறண்ட பொருள் ஆகாது.

கோலார் தங்கவயலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்க வேலையை மேற்கொண்டது முதல், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் பேசும் மக்கள் குடும்பங் குடும்பமாகச் சென்று குடியேறினார்கள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், உரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகிய இடங்களில் தமிழ் வேரூன்றியது அவர்களால்தான். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்து, ஏறத்தாழ 800 டன் தங்கத்தை அவர்களும் அவர்கள் மக்களும் பேரர்களும் வெளிக்கொணர்ந்தார்கள்.

அந்தத் தங்கத்திற்கும் கணக்கு இருந்தது. சுரங்கக் கம்பெனிகள் லண்டனில் பதிவு பெற்றவை; ஆகவே அக்கணக்கு லண்டனிலிருந்த பங்குதாரர்களுக்கு உரியதாயிற்று. பாறையை உடைத்தவர்கள் பங்குதாரர்கள் அல்லர். அக்கணக்கைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமை ஆயின. 1962-ல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற அரசு நிறுவனம் அமைந்தது. 2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இத்தனை மாற்றங்களிலும் தொழிலாளி ஊதியம் பெறுபவராகவே இருந்தார். தொழிலாளி தாமே உடைமையாளராக இருந்து கணக்குக் கேட்கக்கூடிய நிறுவனம் ஒன்று உண்டானால், அது கூட்டுறவுச் சங்கமே. அதில் ஒரு பங்கு வாங்கியவருக்கும் ஒரு வாக்கு. நூறு பங்கு வாங்கியவருக்கும் ஒரே வாக்கு.

கூட்டுறவுக் கடன் இயக்கம் தென்னாட்டுக்குப் புதியதன்று. சென்னை அரசாங்கம் அனுப்பிய பிரெடரிக் நிக்கல்சன் என்பார் ஐரோப்பிய நாடுகளின் சிறு கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். அதன்பின் 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1905-ல், மைசூர் சமஸ்தானமும் தனக்கென்று ஒரு கூட்டுறவுச் சட்டம் செய்துகொண்டது. ஆங்கிலத்தில் 'கிரெடிட்' என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் நம்பிக்கை. அதைத் தமிழில் தந்தவர்கள் 'கடன் சங்கம்' என்று சொன்னதோடு அமையாமல், 'நாணயச் சங்கம்' என்றும் பெயரிட்டார்கள். நாணயம் என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டிருக்கும் எனக்கு, மூலத்தைக் காட்டிலும் மொழிபெயர்ப்பு பொருள் செறிந்ததாகத் தோன்றும் சொற்களுள் இதுவும் ஒன்று.

இனி, இவ்வமைப்பு எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். இதனை மூன்று மாடிக் கட்டடமாக எண்ணலாம். அடித்தளத்தில் உறுப்பினர்கள் சேர்ந்து அமைத்த சங்கம் இருக்கிறது. அதற்கு மேலே மாவட்ட அளவில் மத்தியக் கூட்டுறவு வங்கி இருக்கிறது. சங்கங்களே அதன் உறுப்பினர்கள். உச்சியில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி இருக்கிறது. சென்னையில் 1905-ல் தோன்றிய மத்திய நகர வங்கி இத்தகைய தலைமை வங்கிகளுக்கு முன்னோடி. பெங்களூரில் 1915-ல் மைசூரின் தலைமை வங்கி தோன்றியது. கீழ்த்தளத்தில் மிஞ்சும் பணம் மேலே ஏறும். கீழே தேவைப்படும்போது மேலிருந்து கடனாக இறங்கும். ஆகவே, தங்கவயலிலோ வேறெங்கோ ஒருவர் தம் ஊர்ச் சங்கத்தில் செலுத்தும் நூறு ரூபாயில் ஒரு பகுதி, அவர் பார்த்தறியாத வங்கி ஒன்றின் ஏட்டில் போய் உட்காரலாம். பணம் மேலே ஏறுகிறபோது கணக்கும் உடன் ஏறவேண்டும் அல்லவா? அதற்காகவே சட்டம் ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனி விதி வகுத்திருக்கிறது.

அடித்தளத்துச் சங்கத்தைக் கர்நாடகத்தில் 1959-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டம் ஆள்கிறது. மார்ச்சு மாத முடிவில் ஆண்டுக் கணக்கு முடிக்கப்பட வேண்டும்; கணக்கைத் தணிக்கையாளர் பரிசோதிக்க வேண்டும்; செப்டம்பர் மாதத்திற்குள் உறுப்பினர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடி, தணிக்கை அறிக்கையைக் கேட்டு, இலாபத்தை என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். நிகர இலாபத்தில் நூற்றுக்கு 25-க்குக் குறையாமல் ஒதுக்கி வைத்த பிறகே பங்கு ஈவைப் பற்றிப் பேசலாம். பம்பாய், டெல்லி போன்ற நகரங்களில் வாழும் நம்மவர் பலர், ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் பரவிய சங்கங்களில் சேர்ந்திருக்கிறார்கள். அவற்றுக்கு 2002-ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பொருந்தும். அச்சங்கங்கள் தணிக்கை செய்த கணக்கையும், உபரியைச் செலவிடும் திட்டத்தையும், பொதுக்கூட்டம் நடந்த நாளையும், தேர்தல் நடந்த விவரத்தையும் ஆறு மாதத்திற்குள் மத்தியப் பதிவாளருக்கு அனுப்பக் கடமைப்பட்டவை.

இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் உள்ளவை வங்கிகள். 1966-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாள் தொட்டு அவை வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கும் உட்பட்டவை. அவற்றின் இருப்புநிலைக் குறிப்பும் இலாப நட்டக் கணக்கும் சட்டத்தின் அட்டவணையில் கண்ட படிவத்தில்தான் இருக்கவேண்டும். தம் விருப்பப்படி தலைப்புகளை மாற்றிக்கொள்ள இயலாது. கையிருப்பும் அரசுப் பத்திரங்களும் போதிய அளவில் உள்ளனவா என்பதைக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆபத்தின் அளவுக்கேற்ப மதிப்பிட்ட சொத்தில் நூற்றுக்கு 9 பங்கு சொந்த மூலதனம் இருக்கவேண்டும். 1982-ல் தோன்றிய நபார்டு வங்கியின் ஆய்வாளர்கள் நேரில் சென்று ஏடுகளைப் பார்வையிடுகிறார்கள்.

இவ்வளவு விதிகள் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். எளிய கணக்கு ஒன்றால் விளக்குகிறேன். ஒரு சங்கம் ஒரு கோடி ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது என்றும், வட்டி நூற்றுக்கு 12 என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 இலட்சம் வட்டி வரவேண்டும். அக்கடனில் 20 இலட்சம் திரும்பாத கடன். அதன்மேல் வரவேண்டிய வட்டி 2 இலட்சத்து 40 ஆயிரம் வரவில்லை. வராத இந்த வட்டியையும் வந்ததாக எழுதிவிட்டால், ஆண்டு முடிவில் 2 இலட்சம் இலாபம் காட்டலாம். உள்ளபடி பார்த்தாலோ 40 ஆயிரம் நட்டம். இல்லாத இலாபத்திலிருந்து பங்கு ஈவு கொடுத்தால், அது உறுப்பினர் வைத்த வைப்புத் தொகையையே எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுப்பதாகும். உறுப்பினரும் மகிழ்வார், நிர்வாகிகளும் புகழ் பெறுவார்கள், சங்கம் மட்டும் உள்ளே இற்றுப்போகும். ஆகவேதான், 90 நாளுக்கு மேல் தவணை தவறிய கடனைச் செயலற்ற கடன் என்று பிரித்துக் காட்டவேண்டும் என்றும், அதன்மேல் வராத வட்டியை வருமானமாக எழுதலாகாது என்றும் வங்கிகளுக்கு விதி செய்திருக்கிறார்கள். பயிர்க்கடனுக்கு மட்டும் அறுவடைக் காலத்தை ஒட்டி வேறு வரையறை உண்டு.

விதி இருந்தும் கணக்கு தவறிய கதைகள் உலகில் உண்டு. அமெரிக்காவிலும் இத்தகைய அடுக்கு அமைப்பு இருக்கிறது. அங்கே சிறு நாணயச் சங்கங்கள் தம் உபரியைச் சங்கங்களின் சங்கமாகிய மேல்தளச் சங்கங்களில் வைக்கின்றன. அம்மேல்தளச் சங்கங்கள் மாதந்தோறும் அரசாங்கக் கண்காணிப்பாளருக்குக் கணக்கறிக்கை அனுப்பக் கடமைப்பட்டவை. அவற்றுள் பெரியவை வீட்டு அடமானக் கடன்களின் பேரில் வெளியிடப்பட்ட பத்திரங்களை உயர்ந்த தரச் சான்று பெற்றவை என்று நம்பி ஏராளமாக வாங்கின. வீட்டு விலைகள் சரிந்தபோது, ஏட்டில் இருந்த விலை ஒன்றாகவும் சந்தை கொடுக்கும் விலை மற்றொன்றாகவும் ஆயிற்று. 2009-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் யு.எஸ். சென்ட்ரல், வெஸ்கார்ப் என்ற இரு மேல்தளச் சங்கங்களை அரசு அமைப்பு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. நட்டத்தை ஈடு செய்ய, அப்பத்திரங்களைக் கண்ணாலும் பாராத சிறு சங்கங்கள் எல்லாம் பங்கு செலுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டு மூலதனத்திற்கும் முதலீட்டிற்கும் கடுமையான விதிகள் வந்தன. மேல்தளத்தில் விழும் விரிசலின் சுமையைக் கீழ்த்தளம்தான் தாங்க வேண்டியிருக்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியின்மேல் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தடையாணை பிறப்பித்தது. ஒரே கட்டுமானக் குழுமத்திற்குத் தன் கடனில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, அதை மறைக்க 21,049 பொய்க் கணக்குகளை அவ்வங்கி ஏட்டில் உண்டாக்கியிருந்தது. அறிக்கைகள் அனுப்பப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. உண்மைதான் அவற்றில் இல்லை. வைப்பாளர்கள் முதலில் எடுக்க முடிந்தது ஆயிரம் ரூபாய் மட்டுமே. 2022 சனவரியில் அவ்வங்கி வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டது. பெருந்தொகை வைத்தவர்கள் ஆண்டுக் கணக்கில் காத்திருந்து பெறும்படியாக ஏற்பாடு செய்யப்பட்டது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் வைத்துப் பார்க்கும்போது, அறிக்கையை அதிகாரிக்கு அனுப்புவதோடு பாதுகாப்பு நிறைவடைந்துவிடுவதில்லை என்று தெரிகிறது. அதிகாரி காகிதத்தைப் பார்க்கிறார். அக்காகிதத்தில் கண்ட மனிதர் ஊரில் இருக்கிறாரா, அந்தக் கடனை வாங்கினாரா, திருப்பிச் செலுத்துகிறாரா என்பதை அறிந்தவர்கள் உறுப்பினர்களே. ஆகவே, சட்டம் கேட்கும் கணக்கை உறுப்பினரும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். இதுவே நான் இன்று வற்புறுத்த விரும்பும் கருத்து.

இங்கேதான் வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு ஒரு தடை குறுக்கிடுகிறது. அறிக்கை அம்மாநில மொழியிலோ ஆங்கிலத்திலோ அச்சாகியிருக்கும். வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசுகிறவர்களுள் கூட, கன்னட எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அறிக்கையை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதில் வரும் முக்கியமான சொற்கள் மிகச் சிலவே; அவற்றுள் பல நமக்கு அந்நியமானவையும் அல்ல. கன்னடத்தில் 'பத்தின சஹகார சங்க' என்று பலகையில் எழுதியிருப்பது நாணயச் சங்கமே. 'ஆஸ்தி' என்பதும் 'ஜவாப்தாரி' என்பதும் நம் பாட்டன்மார் தமிழிலும் வழங்கிய சொற்கள். சொத்து, பொறுப்பு என்பது பொருள். 'டேவணி' என்பது வைப்புத் தொகை. 'சால' என்பது கடன். 'சுஸ்தி' என்பது தவணை தவறி நிற்கும் பாக்கி. 'ஆபத்தன நிதி' என்பது ஆபத்துக் காலத்துக்கென ஒதுக்கிய காப்பு நிதி. 'லெக்க பரிசோதனெ' என்பது தணிக்கை. 'அடாவெ பத்திரிகெ' என்பது இருப்புநிலைக் குறிப்பு. இதனையே நம் பழைய கணக்கர் ஐந்தொகை என்றார்கள், இலங்கைத் தமிழர் இன்றும் அவ்வாறே சொல்கிறார்கள்.

இச்சொற்களைக் கைக்கொண்டு அறிக்கையில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, உங்கள் வைப்புத் தொகை ஜவாப்தாரிப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நமக்குச் சொத்தாக இருப்பது சங்கத்துக்குப் பொறுப்பாகிறது. உங்கள் பாஸ் புத்தகத்தில் உள்ள தொகையும் சங்கத்தின் பேரேட்டில் உள்ள தொகையும் ஒத்திருக்கின்றனவா என்பதை ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒப்பிட்டுக் கையொப்பம் பெறுங்கள்.

இரண்டாவது, கொடுத்த கடன் எவ்வளவு, அதில் சுஸ்தி எவ்வளவு என்று பாருங்கள். சென்ற ஆண்டு நூற்றுக்குப் பத்தாக இருந்தது இவ்வாண்டு இருபதாக உயர்ந்திருந்தால், காரணம் கேளுங்கள். நிர்வாகக் குழுவினரும் அவர்தம் உறவினரும் வாங்கிய கடன் எவ்வளவு என்பதும் கேட்கத் தக்க கேள்வியே.

மூன்றாவது, சங்கத்தின் உபரியும் காப்பு நிதியும் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மத்தியக் கூட்டுறவு வங்கியில் இருப்பதாக எழுதியிருந்தால், அவ்வங்கி கொடுத்த இருப்புச் சான்றின் தொகையும் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும்.

நான்காவது, தணிக்கையாளர் தம் குறைக் குறிப்புகளில் என்ன எழுதியிருக்கிறார், சங்கத்தை எந்த வகுப்பில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். சிறப்பாக நடக்கும் சங்கம் 'ஏ' வகுப்புப் பெறும். அதனினும் தாழ்ந்தவை படிப்படியாக 'டி' வரை இறங்கும். சென்ற ஆண்டில் சொன்ன குறை இவ்வாண்டும் அப்படியே திரும்ப அச்சாகியிருந்தால், அது திருத்தப்படவில்லை என்று அறிக.

மற்றொன்றையும் நினைவூட்ட வேண்டும். வங்கி வேறு, சங்கம் வேறு. உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கியில் வைத்த தொகைக்கு வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி முதல் அதன் உச்சவரம்பு, வட்டியையும் சேர்த்து, ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய். சங்கத்தில் வைத்த தொகைக்கு அந்தக் காப்பீடு இல்லை. சில சங்கங்கள் தம் பெயரோடு 'வங்கி' என்ற சொல்லை முறையின்றிச் சேர்த்துக்கொள்கின்றன என்று ரிசர்வ் வங்கியே 2021 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. ஆதலால், பணம் கட்டுமுன் உரிமத்தைப் பார்ப்பது அவசியம். பல மாநிலச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் குறைதீர்ப்பாளர் ஒருவரிடம் வைப்புத் தொகை பற்றி முறையிடும் வழியைத் திறந்துவைத்திருக்கிறது.

தொழிலாளர் சங்கங்களில் இவ்வெச்சரிக்கை இன்னும் அதிகமாக வேண்டும். சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் ஏற்பாட்டின்மேல்தான் அவற்றின் கடன் அமைப்பே நிற்கிறது. 2001-ல் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருடைய சம்பளப் பட்டியல் ஒரே சமயத்தில் நின்றது. சம்பளப் பட்டியல் நின்றால் பிடித்தமும் நிற்கும். வாழ்நாள் உழைப்பின் பலன் ஒரே தொகையாகக் கையில் வரும் வேளையும் அதுவே. அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பலரும் வாசலுக்கு வரும் வேளையும் அதுவே. அன்று ஒரு சங்கத்தின் சுஸ்திக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் தம் குடும்பத்தைக் காத்துக்கொள்ள முடியும். இன்று தங்கவயலிலிருந்து நாள்தோறும் விடியலில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் பல்வேறு நிறுவனங்களின் சங்கங்களில் உறுப்பினர் ஆகிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்தும்.

செய்யவேண்டியது கடினமானதன்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், சிற்றுண்டிக்காகவும் அன்பளிப்புக்காகவும் மட்டும் போகாமல், அறிக்கையை முன்னதாகவே பெற்றுப் படித்துவிட்டுப் போங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளியில் கன்னடம் பயிலும் தம் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் சொல்லலாம். ஊர்தோறும் இருக்கும் தமிழ் மன்றங்கள், ஆண்டுக்கு ஒரு மாலை நேரத்தை இவ்வறிக்கைகளைத் தமிழில் விளக்குவதற்கென ஒதுக்கினால் பெரும் பயன் விளையும். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பதை நன்றிகெட்ட செயல் என்று எண்ணவேண்டியதில்லை. நேர்மையான செயலாளர் அக்கேள்வியை வரவேற்பார். அவருக்கு அதுவே சான்று. போதிய எண்ணிக்கையில் உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தவும் சட்டம் இடம் தருகிறது.

நம் முன்னோர் பூமிக்கடியிலிருந்து கொண்டுவந்த தங்கத்தின் கணக்கு அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நம் சங்கத்தில் நாம் வைத்த பணத்தின் கணக்கைச் சொல்லச் சட்டம் கட்டளையிட்டிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு.